ஆயிரம் டொலரும் முதல் துவக்கும்

கையில் ஆயிரம் டொலர் வைத்திருக்கிறேன் என்று வருகிறவரிடம் உண்மையில் இருப்பது 885 டொலர். மீதி ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரிக்குப் போய்விடும். முதல் துவக்கு வாங்க வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுகிற கணக்கு இதுதான். அடுத்த கணக்கு இன்னும் கசக்கும். பூட்டு, உறை, காதுக் கவசம், குழல் துடைக்கும் கோல், எண்ணெய் என்று ஒரு நூறு டொலர் சொல்லாமலே கழியும். சுடுகளக் கழகத்தின் ஆண்டுச் சந்தா தனி. துவக்கு, ஸ்கோப், ரவை மூன்றுக்குமாக எஞ்சுவது எழுநூற்றுச் சொச்சம். அதில் துவக்குக்கு எவ்வளவு என்பதைக் கடைசியாகத்தான் தீர்மானிக்க வேண்டும். கேட்கிறவர்கள் நான் பகிடி விடுவதாக நினைக்கிறார்கள்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே, நெடுஞ்சாலை 11 ஓரத்தில் மீன்பிடிச் சாமானும் வேட்டைச் சாமானும் விற்கும் கடையில் எனக்கு வேலை. மீன்பிடிப் பக்கத்தில் தொடங்கி, பிறகு துவக்குக் கவுண்டருக்கு மாறினேன். அந்த நாட்களில் தமிழ் முகம் ஒன்று கவுண்டருக்கு வந்தால் அதிசயம். இப்போது புரட்டாசி பிறந்தால் மார்க்கத்திலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் கார்கள் வருகின்றன. மீன்பிடிக்க வந்து, காட்டைப் பார்த்து, மான் வேட்டை வகுப்புக்குப் போன பிள்ளைகள். வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்த குடும்பத்தில் பிறந்தவன் துவக்கு விற்கிறான் என்பது என் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் சொந்தக்காரரிடம் அவர் சொல்வது "கடை வேலை".

அனுமதி பற்றி நீட்டத் தேவையில்லை. பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு, எழுத்துச் சோதனை, செய்முறைச் சோதனை, பிறகு ஆர்.சி.எம்.பி. என்ற மத்தியப் பொலிசுக்கு விண்ணப்பம். முதல் முறை விண்ணப்பிக்கிறவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. ஆட்கள் கெட்டுப்போவது அந்த 28 நாட்களில்தான். இரவிரவாகக் காணொளி பார்த்து, ஆயிரம் கஜத்துக்கு அப்பால் இரும்புத் தகட்டை அடிக்கும் துவக்கொன்றை மனதில் வரித்துக்கொண்டு வருவார்கள். இங்கே அடர்ந்த காட்டுக்குள் மான் நிற்பது பெரும்பாலும் நூறு கஜத்துக்குள். அதற்கு மேல் மரங்கள் விடாது.

சரி, ரவையிலிருந்து தொடங்குவோம். .308 வின்செஸ்டர் ரவை இருபது அடங்கிய சாதாரணப் பெட்டி 40 டொலரை ஒட்டி வரும். ஒரு வெடி இரண்டு டொலர். வேட்டைப் பருவத்துக்கு முன் நூறு வெடியாவது சுடாதவரை நான் காட்டுக்குள் போகச் சொல்ல மாட்டேன். அப்படியென்றால் எழுநூறில் இருநூறு போய்விட்டது. துவக்கு 650, ஸ்கோப் 50, ரவை ஒரு பெட்டி என்று வாங்கிப் போகிறவர் அந்தப் பெட்டியிலேயே குறியும் பார்த்து, மானையும் சுட்டு, மீதியை அடுத்த வருடத்துக்கும் வைத்திருப்பார். அவர் வாங்கியது விலை கூடிய சுவர் அலங்காரம்.

எந்த ரவை என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. நீங்கள் வேட்டையாடப் போகும் இடத்துக்குப் பக்கத்து ஊரில், பால் பாணோடு ஆணியும் விற்கிற கடை ஒன்று இருக்கும். அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். .30-06 இருக்கும், அது 1906இல் அமெரிக்க இராணுவத்துக்காக வந்தது. 1925இன் .270, 1952இன் .308, 1955இன் .243 இருக்கும். .303 பிரிட்டிஷ் இன்னும் இருக்கும், விலைதான் ஏறிவிட்டது. 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் இப்போது பல இடங்களில் கிடைக்கிறது. உதை குறைவு, நல்ல ரவை. முதல் துவக்குக்கு இவற்றில் எதுவும் பிழையில்லை. மூஸ் வேட்டைக்கும் போகும் எண்ணம் இருந்தால் .243ஐ மட்டும் விட்டுவிடச் சொல்வேன். அது மானுக்குப் போதும், மூஸுக்கு மெலிவு. கொரோனாக் காலத்தில் எல்லாத் தட்டுகளும் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தவன் என்பதால், எந்த ரவை "எப்போதும் கிடைக்கும்" என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

மக்னம் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். .300 வின்செஸ்டர் மக்னம். மூஸ் பெரிய மிருகம், ஆகவே பெரிய ரவை வேண்டும் என்பது அவர்களின் வாதம். ஏழு இறாத்தல் எடையுள்ள மலிவுத் துவக்கில் அந்த ரவை தோளில் இறங்கும் விதம் காணொளியில் தெரியாது. அடுத்த வசந்தத்தில் அந்தத் துவக்குகள் எங்களிடமே மாற்றுக்கு வரும். கூடவே ஒரு ரவைப் பெட்டி, அதற்குள் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். வந்தவர் தோளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "கொஞ்சம் நீளமாய்க் கிடக்கு" என்பார். வெடிக்கு முன்பே கண்ணை மூடி, விசையைச் சுண்டி இழுக்கும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்ற .22 துவக்கும் பல நூறு ரவைகளும் வேண்டும்.

இனி துவக்கு. இன்று அறுநூறு டொலருக்குள் விற்கும் புதிய போல்ட் அக்‌ஷன் துவக்கு ஒன்று, என் முதலாளி இளமையில் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியதைவிட இறுக்கமாகக் குறி அடிக்கும். அவருக்கு இதைக் கேட்கப் பிடிக்காது. காரணம் இருக்கிறது. 1898இன் மவுசரில் தொடங்கிய பரம்பரையில் உடற்பகுதியை ஒரே இரும்புக் கட்டியிலிருந்து பல மணிநேரம் கடைந்து எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948இல், ரெமிங்டன் 721 என்ற துவக்கு வந்தது. அதன் உடல் உருண்டைக் குழாய். கடைசல் இயந்திரத்தில் சுழற்றியே செய்துவிடலாம். செலவு குறைந்தது, ஆனால் உருண்டை என்பதால் எல்லாப் பக்கமும் ஒத்து நின்றது. 1958இல் வந்த சவேஜ் 110இல் குழலை உடலோடு பூட்ட ஒரு பெரிய சுரை வைத்தார்கள். ரவை உட்காரும் அறைக்கும் போல்ட் முகத்துக்கும் இடையிலான அளவை, தேர்ந்த கைவினைஞர் அராவி அராவிச் சரிசெய்த காலம் போய், அளவுகோலை உள்ளே வைத்துச் சுரையை இறுக்கினால் போதும் என்றாயிற்று. இன்றைய சவேஜ் அக்ஸிஸ், 2012இல் சந்தைக்கு வந்த ரூகர் அமெரிக்கன் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். சிக்கனம் பிடிக்கப் போய்த் துல்லியமும் கூடவே வந்துவிட்டது.

ஆகவே "நேராகச் சுடுமா?" என்ற கேள்விக்கு இன்று பெறுமதி குறைவு. நூறு கஜத்தில் மூன்று ரவைகளை ஒன்றரை அங்குலத்துக்குள் போடாத புதிய துவக்கைக் காண்பதுதான் அரிது. மிச்சம் பிடித்த காசு எங்கே பிடிக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். பொதுவாகக் கட்டையில். வார்த்தெடுத்த பிளாஸ்ரிக் கட்டையின் முன்பகுதியைக் குழலோடு சேர்த்து உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். வளைந்து குழலைத் தொடுகிறதா? விற்பனைச் சீட்டு ஒன்றை மடிக்காமல் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, அடிவரை இழுத்துப் பாருங்கள். சீட்டு தடங்கலில்லாமல் போனால் நல்லது. கையால் பிடித்துச் சுடும்போது தொடாமல், முன்பகுதியை மேசைமேல் அழுத்தியதும் தொட்டால், சுடுகளத்தில் அடித்த இடமும் காட்டில் அடிக்கிற இடமும் வேறாகிவிடும். அடுத்தது மகசின். பிளாஸ்ரிக் மகசினைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பாருங்கள். கையுறையோடும் செய்யுங்கள். மேலதிகமாக ஒன்று வாங்க என்ன விலை என்று அன்றைக்கே கேளுங்கள். சில துவக்குகளுக்கு அந்த விலை இரண்டு பெட்டி ரவையின் விலை.

விசைக்கு இப்போது பெரிய குறை சொல்ல முடியாது. சவேஜ் தன் சரிசெய்யும் விசையைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் திருந்த வேண்டியதாயிற்று. அக்ஸிஸின் தொடக்க மாதிரியில் அந்த விசை இல்லை, அக்ஸிஸ் 2இல் உண்டு. பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்குமுன் அதன் விசையை இழுத்துப் பாருங்கள்.

இனித்தான் நான் கேட்கும் ஜக்கெற் கேள்வி. போன புரட்டாசியில் மார்க்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, ரீசேர்ட்டோடு நின்று, வரிசையில் இருந்த எல்லாவற்றையும் தோளில் வைத்துப் பார்த்துவிட்டார்.

"அண்ணை, எல்லாம் ஒரு மாதிரித்தான் இருக்கு. எது நேராச் சுடும்?"

"அதை விடுங்கோ. காட்டுக்குப் போடுற ஜக்கெற் கொண்டு வந்தனீங்களோ?"

"காருக்குள்ள கிடக்கு."

"எடுத்துக்கொண்டு வாங்கோ."

செம்மஞ்சள் மேலங்கி, அதற்குள் பஞ்சு வைத்த ஜக்கெற், கையுறை எல்லாம் போட்டார். போல்ட்டைத் திறந்து, அறைக்குள் சுண்டுவிரலை விட்டு வெறுமையென்று உறுதிசெய்து, குழல்வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கொடுத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். மூடியபடியே துவக்கைத் தோளுக்கு எடுத்து, கன்னத்தைக் கட்டையில் வசதியாக வைத்துவிட்டுக் கண்ணைத் திற என்பதுதான் சோதனை. கட்டை கமக்கட்டில் மாட்டியது. இழுத்து எடுத்துத் தோளில் வைத்தபோது ஸ்கோப்புக்குள் அவருக்குத் தெரிந்தது பாதி வட்டம், மீதி கறுப்பு. சாதாரணத் துவக்குகளில் விசையிலிருந்து கட்டையின் அடிவரை பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். கார்த்திகைக் குளிர் உடுப்பு அதோடு ஒரு அங்குலத்தைச் சேர்த்துவிடும். ஐந்தரை அடி உயரமுள்ள எங்கள் ஆட்களுக்கு அது எட்டாத் துவக்கு.

அதே துவக்கின் குட்டை மாதிரியை எடுத்துக் கொடுத்தேன். அதே குழல், அதே விசை, ஏறத்தாழ அதே விலை. கட்டை மட்டும் ஒரு அங்குலத்துக்கு மேல் குறைவு. கண்ணை மூடி, தூக்கி, திறந்தார். முழு வட்டம் தெரிந்தது. திரும்பத் திரும்பச் செய்தார், ஒவ்வொரு முறையும் தெரிந்தது. முகம் மலர்ந்தது. பிறகு பெட்டியில் "யூத்" என்று எழுதியிருந்ததைக் கண்டார்.

"அண்ணை, இது சின்னப் பிள்ளையளின்ரை எல்லோ?"

பெட்டியைக் காட்டுக்குள் கொண்டுபோகப் போவதில்லை என்று சொன்னேன். இந்த ஒரு சொல்லால் நல்ல பொருத்தமான துவக்கை விட்டுவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். பெரிய ஆம்பிளைகள்தான் கூட. பெண்கள் அப்படியில்லை, பொருந்தினால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பாவித்த துவக்குகளுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது. யாழ்ப்பாணத்தில் பழைய ரலி சைக்கிள் வாங்கப் போகும் பெரியவர்கள் பெயின்ற்றைப் பார்க்க மாட்டார்கள்; கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றிவிட்டு, ஓட்டத்தைப் பார்ப்பார்கள். பழைய துவக்கிலும் கட்டையின் கீறல்கள் ஒரு பொருட்டில்லை. முதலில் திருகாணித் தலைகளைப் பாருங்கள். பள்ளம் சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். போனவர் விசையையும் நோண்டியிருப்பார். பிறகு போல்ட்டை வெளியே எடுத்து, பின்பக்கமிருந்து குழலுக்குள் பாருங்கள். எண்ணெய் பூசிய குழல் எல்லாமே பளபளக்கும். உலர்ந்த துணியை ஒருமுறை விட்டெடுத்துவிட்டுப் பார்த்தால்தான் துருக்குழிகள் கண்ணில் படும். குழல்வாயின் விளிம்பைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அந்த இடத்தில் பிசிறு இருக்கிறது, சன்னம் வெளியேறும் கணத்தில் அது ஒரு பக்கம் தள்ளிவிடும். விற்கிறவர் அனுமதித்தால் கட்டையைக் கழற்றி, மரத்துக்குள் மறைந்திருக்கும் இரும்பைப் பாருங்கள். மழையில் நனைந்த துவக்கின் துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். அனுமதிக்காதவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

ஒன்ராறியோவில் பாவித்த துவக்கு என்றால் இரண்டு பெயரைத் தவிர்க்க முடியாது. ஒன்று கூயி. கோபர்க் நகரில் செய்யப்பட்ட .22. இந்த மாகாணத்துப் பண்ணை வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஒன்று சாத்தி வைத்திருந்த காலம் இருந்தது. இன்றைய சட்டப்படி பூட்டியோ போல்ட்டைக் கழற்றியோதான் வைக்க வேண்டும். 1961இல் வின்செஸ்டரை வைத்திருந்த ஓலின் நிறுவனம் கூயியை வாங்கியது. துவக்குகள் மிஞ்சியிருக்கின்றன, விலையும் மலிவு. சில ஒற்றை ரவை மாதிரிகளில் போல்ட்டை மூடிய பிறகு பின்னால் உள்ள குமிழைக் கையால் இழுத்தால்தான் சுடலாம். பழகுகிறவருக்கு அது ஒரு நல்ல தாமதம். .22 ரவை ஐம்பது பத்து டொலருக்குள் கிடைக்கும். மானுக்கு .22ஐப் பாவிக்கச் சட்டம் விடாது. ஆனால் விசையை மெல்ல அழுத்தப் பழகுவதற்கு அதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. புதிதாக வேண்டுமென்றால் லேக்ஃபீல்டில் செய்யும் சவேஜ் மார்க் 2 இருக்கிறது. அங்கே இருந்த தொழிற்சாலையை சவேஜ் 1995இல் வாங்கியது.

மற்றது லீ என்ஃபீல்ட் நம்பர் 4. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இந்தப் பெயர் புதிதில்லை. இங்கே அதைச் செய்தது ரொறன்ரோவின் மேற்கு விளிம்பில் லோங் பிராஞ்ச். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்த தொழிற்சாலை. அதன் பரிசோதனைக் கட்டடம் மட்டும் மிஸிஸாகாவில் ஏரிக்கரையோரம் கலைக்கூடமாக நிற்கிறது. வட துருவப் பக்கம் காவல் செய்யும் கனேடிய ரேஞ்சர்கள் 1947இலிருந்து பல பத்தாண்டுகள் இந்தத் துவக்கையே சுமந்தார்கள். அண்மையில்தான் அவர்களுக்கு, ஃபின்லாந்தின் டிக்காவைத் தழுவிக் கிச்னரில் செய்யும் சி-19 வந்தது. கட்டையை வெட்டி வேட்டைக்கு ஏற்றபடி மாற்றிய லீ என்ஃபீல்ட்கள், சேகரிப்பவர்கள் சீண்டாததால் மலிவாகக் கிடைக்கும்.

எடுத்துப் பார்க்கும்போது சில விடயங்கள். போல்ட் கைப்பிடியின் பின்னால் ஒரு இலக்கம் இருக்கும், உடலில் ஒரு இலக்கம் இருக்கும். இரண்டும் ஒன்றா பாருங்கள். வேறாக இருந்தால் அளவுகோல் வைத்துப் பார்க்காமல் சுடக்கூடாது. போல்ட்டின் தலை தனித் துண்டு. 0 தொடங்கி 3 வரை இலக்கமிட்டு நீளம் கூடிக்கொண்டு போகும், அதை மாற்றித்தான் இடைவெளியைச் சரிசெய்வார்கள். லோங் பிராஞ்ச் துவக்குகள் பலவற்றில் போல்ட் தலை ஓடும் தடத்தில் ஒரு வெட்டு உண்டு. அதன் ஓரம் சிதறியிருந்தால் போல்ட் இழுக்கும்போது தலை தடத்தை விட்டுக் குதிக்கும். விரல் நகத்தை அந்த ஓரத்தில் ஓட்டினாலே தெரியும். குழலுக்குள் ஐந்து புரிக்குப் பதில் இரண்டே புரி இருந்தால் பயப்பட வேண்டாம், போர்க்கால அவசரத்தில் அப்படியும் செய்தார்கள், அவையும் ஒழுங்காகவே அடிக்கும். .303 ரவைக்கு அடியில் விளிம்பு உண்டு. மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி அடுக்காவிட்டால் மகசினுக்குள் ஒன்றையொன்று கொழுவிக்கொள்ளும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, முதல் துவக்காக லீ என்ஃபீல்டை வாங்கச் சொல்வேனா? ஸ்கோப் பூட்ட இலகுவான இடமில்லை, ரவை விலையும் கூட. பழையதை நேசிக்கிறவருக்குச் சொல்வேன், மற்றவருக்குச் சொல்ல மாட்டேன். என் கணக்கில் மிகச் சிறந்த பேரம் வேறு. கணவன் இறந்த பிறகு மனைவிமார் எங்களிடம் கொண்டுவந்து விற்கும் .308களும் .30-06களும். நாற்பது வருடம், வருடத்துக்கு ஒரு வேட்டை, அரைப் பெட்டி ரவை. கட்டை முழுக்கக் கீறல், குழல் புதிது போல. ஐப்பசிக்கு முன் இப்படி ஒன்று தட்டுக்கு வந்தால் ஒரு கிழமை தங்காது.

ஸ்கோப்பில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். துவக்கோடு சேர்த்துப் பெட்டியில் வரும் ஸ்கோப் பல நேரம் அந்தச் சோடியின் பலவீனமான பாதி. உதைக்கு உதை உள்ளே கண்ணாடி நகரும். சுட்டவர் துவக்கைத் திட்டுவார். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு, 40 மில்லிமீற்றர் கண்ணாடி, பெயர் தெரிந்த நிறுவனம், பழுதானால் மாற்றித் தரும் உத்தரவாதம். இவ்வளவு போதும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் விளிம்பு புருவத்தில் அரைவட்டம் போட்டுவிடும். கடையில் நாங்கள் குழலோடு ஸ்கோப்பை ஒத்துப் பார்த்துத் தருவது குறி வைத்துத் தந்ததாகாது. முதலில் 25 கஜத்தில் தொடங்க வேண்டும். ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும், 25 கஜத்தில் அதன் நாலில் ஒன்று. இதை மறந்து அங்கே நாலு கிளிக் திருப்பிவிட்டு "அசையேல்லை" என்று தொலைபேசி எடுப்பார்கள்.

புதிய துவக்கென்றால், காட்டுக்குப் போகுமுன் தொழிற்சாலைக் கிரீஸைப் போல்ட்டிலிருந்து துடைத்தெடுக்க வேண்டும், சுடு ஊசியைச் சுற்றிக் குறிப்பாக. பூச்சியத்துக்குக் கீழே இருபது என்றால் அது இறுகி, ஊசி சோம்பலாகப் போய்ப் பொட்டில் தட்டும், வெடிக்காது.

மார்க்கத்துத் தம்பி கடைசியில் எடுத்தது அந்தக் குட்டைக் கட்டைத் துவக்கு, .308. பெட்டியை எங்களிடமே விட்டுவிட்டார். அனுமதி அட்டையைச் சரிபார்த்து, ஆர்.சி.எம்.பி.யின் மேற்கோள் இலக்கம் வரும்வரை நின்றவர், அந்த நேரத்தில் மனம் மாறி மூன்று பெட்டி ரவை என்றதை ஐந்தாக்கினார். ஸ்கோப்பில் நான் சொன்னதைக் கேட்கவில்லை, நண்பரிடம் ஒன்று சும்மா கிடக்கிறதாம். முதல் இருபது வெடிக்குப் பிறகு ஸ்கோப் வளையத் திருகாணிகளை ஒருமுறை இறுக்க வேண்டும், கொண்டு வாங்கோ, காசு எடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பினேன். எல்லோருக்கும் சொல்வதுதான். வருகிறவர்கள் குறைவு.